குளிர்கால மூடுபயிர்: எந்தத் தேதியில் எதை விதைப்பது?

மூடுபயிர் என்பது, பிரதான பயிர் இல்லாத நாட்களில் மண்ணை மூடிக் காக்கவும் சத்தைப் பிடித்து வைக்கவும் வளர்ப்பது. அது சரியாக வராத நிலத்தில் பெரும்பாலும் விதையிலும் குறை இருக்காது, மண்ணிலும் குறை இருக்காது. விதைத்த நாள் தவறியிருக்கும். அறுவடை முடியட்டும், காய்ந்த செடியெல்லாம் பிடுங்கி நிலம் காலியாகட்டும் என்று இருந்துவிட்டு அக்டோபர் கடைசியில் குளோவர் (பயறுக் குடும்பத் தீவனப் பயிர்) விதையைத் தூவினால், மெல்லிய பச்சைப் படலம் ஒன்று வரும். குளிர்காலம் முடியும்போது அதுவும் இருக்காது. அதே நாளில் ரை (கோதுமை போன்ற, குளிர் தாங்கும் தானியம்) விதைத்திருந்தால் வசந்தத்தில் நிலம் முழுக்கப் பச்சையாக நிற்கும். பயிரை முடிவு செய்துவிட்டுத் தேதி தேடுவதைவிட, கையில் இருக்கும் தேதிக்கு எந்தப் பயிர் பொருந்தும் என்று பார்ப்பதே மேல்.

இங்கே சொல்வதெல்லாம் குளிர்காலத்தில் உறைபனி விழும், சில இடங்களில் மண்ணே உறைந்துபோகும் பகுதிகளுக்கு. மாதங்கள் வட அரைக்கோளத்துக்கு உரியவை. தென் அரைக்கோளத்தில் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிடுங்கள். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்.

முதலில் வசந்தத்தை முடிவு செய்யுங்கள்

தேதிக் கணக்கு தொடங்குவது இலையுதிர்காலத்தில் அல்ல. அடுத்த வசந்தத்தில் அதே பாத்தியில் எதை, எப்போது நடப்போகிறீர்கள் என்பதில் தொடங்குகிறது.

மூடுபயிர்கள் இரண்டு வகை. ஓட்ஸ், தீவன முள்ளங்கி, வெள்ளைக் கடுகு, ஃபசீலியா (நீலப் பூ விடும் ஒரு செடி) ஆகியவை கடுங்குளிரில் தானாகவே செத்து மண்மீது படுத்துவிடும். ரை, குளிர்காலக் கோதுமை, ட்ரிட்டிகேல் (கோதுமை-ரை கலப்பினம்), ஹேரி வெட்ச் (பயறுக் குடும்பக் கொடி), கிரிம்சன் குளோவர் ஆகியவை குளிரைத் தாங்கி, வசந்தத்தில் மறுபடி வளரும். அவற்றை நீங்கள்தான் முடித்து வைக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் கேரட், வெங்காயம், கீரை, பட்டாணி என்று போடப்போகும் இடத்தில் முதல் வகைதான் வசதி. வசந்தத்தில் வேலை மிச்சம். செத்த சருகை ஒதுக்கிவிட்டு விதைக்கலாம். மே கடைசியில் தக்காளி, பூசணி, மக்காச்சோளம் வரப்போகும் இடத்துக்கு இரண்டாம் வகை. அதற்கு ஏப்ரல், மே வளர்ச்சியும் கிடைப்பதால் மண்ணில் சேரும் தழை பல மடங்கு கூடும்.

தானாகச் சாகும் வகை தன் மொத்த வளர்ச்சியையும் இலையுதிர்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே குளிர் தாங்காத பயிரைத்தான் சீக்கிரம் விதைக்க வேண்டும், குளிர் தாங்கும் பயிரைத் தாமதமாகவும் விதைக்கலாம். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். குளிர் தாங்கும் ரையை ஆகஸ்டில் போட்டு அது தேவைக்கு மேல் கொழுத்துப்போகும். ஓட்ஸை அக்டோபரில் போட்டு அது விரல் நீளத்திலேயே உறைந்துபோகும்.

உறைபனித் தேதியைப் படிக்கும் விதம்

வானிலைத் துறைகள் வெளியிடும் 'சராசரி முதல் உறைபனித் தேதி'யே கணக்குக்கு அடிப்படை. ஆனால் சராசரி என்றால் ஏறக்குறையப் பாதி ஆண்டுகளில் உறைபனி அதற்கு முன்பே வந்துவிடுகிறது என்று பொருள். சில பட்டியல்களில் பத்து, ஐம்பது, தொண்ணூறு சதவீத வாய்ப்புகளுக்கும் தனித்தனித் தேதி இருக்கும். ஓட்ஸ், முள்ளங்கி போன்றவற்றுக்குப் பத்து சதவீதத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மோசமான ஆண்டு எப்படி இருக்கும் என்பதை அது காட்டும். ரைக்குச் சராசரியே போதும்.

பட்டியலில் எந்த உறைபனியைச் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 0 டிகிரி என்பது லேசான உறைபனி. தக்காளி, பூசணி போன்ற மென்மையான செடிகள் அதில் கருகும். மைனஸ் 2 டிகிரியையும் அதற்குக் கீழேயும் தொட்டால்தான் கடும் உறைபனி. இரண்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு வாரம் வித்தியாசம் வரலாம். கீழே 'உறைபனிக்கு இத்தனை நாள் முன்' என்று சொல்வதெல்லாம் கடும் உறைபனியை வைத்து.

உங்கள் நிலம் பள்ளத்தில் இருந்தால் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். மேட்டில் ஒன்றும் ஆகாத இரவில் பள்ளத்தில் வெள்ளையாக விழுந்திருக்கும். சுவர், கட்டடம், பெரிய நீர்நிலை ஆகியவற்றின் அருகில் இதற்கு எதிர்மாறாக, உறைபனி தாமதமாகும்.

ஒரு வாரத் தாமதத்தின் விலை

மூடுபயிர் நாட்களைக் கொண்டு வளர்வதில்லை. வெப்பத்தைக் கொண்டு வளர்கிறது. ரை போன்ற குளிர்கால தானியங்களுக்கு ஏறக்குறைய 4 டிகிரிக்கு மேல் கிடைக்கும் வெப்பமே கணக்கில் சேரும். நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 4 கழித்தால் அன்றைய வெப்ப அலகு கிடைக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் சராசரி 18 டிகிரி என்றால் ஒரு நாளுக்கு 14 அலகு. அக்டோபர் பின்பாதியில் சராசரி 8 டிகிரி என்றால் ஒரு நாளுக்கு 4 அலகுதான். செப்டம்பரில் பத்து நாள் தள்ளிப்போட்டால் 140 அலகு போகும். அதை அக்டோபர் கடைசியில் ஈடு செய்ய 35 நாள் வேண்டும். அத்தனை நாள் அப்போது மிச்சம் இருக்காது.

வெளிச்சமும் இதே போலக் குறைகிறது. பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவாகப் போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 40 டிகிரி அட்சரேகையில் இது நவம்பர் இரண்டாம் வாரவாக்கில் வரும். 50 டிகிரியில் அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடும். வெப்பமான இலையுதிர்காலம் நீடித்தாலும் அதற்குப் பிறகு பெரிய வளர்ச்சியை எதிர்பார்க்க முடியாது.

நிலத்தில் மிஞ்சிய தழைச்சத்தைப் பிடித்து வைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஒவ்வொரு வாரமும் இன்னும் முக்கியம். அறுவடைக்குப் பின் மண்ணில் கிடக்கும் நைட்ரேட், இலையுதிர்கால மழையோடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வேர் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். தாமதமாக முளைத்த செடியின் வேர் 20 செ.மீ. போவதற்குள் நைட்ரேட் அதற்கும் கீழே போயிருக்கும்.

பயிர்வாரியாகத் தேதி

தீவன முள்ளங்கியில் தொடங்குவோம், தேதியில் ரொம்பக் கறாரானது அதுதான். கெட்டிப்பட்ட மண்ணைத் துளைக்கும் தடித்த கிழங்கு வேண்டுமானால் கடும் உறைபனிக்கு 8 வாரம் முன் விதைக்க வேண்டும். 6 வாரத்துக்கும் குறைந்தால் வேர் பென்சில் பருமனோடு நின்றுவிடும். 4 வாரத்தில் இலை மட்டுமே மிஞ்சும். விதை அளவு சதுர மீட்டருக்கு 1 முதல் 1.5 கிராம், ஆழம் 1 முதல் 1.5 செ.மீ. இதைவிட அடர்த்தியாகப் போட்டால் ஒன்றோடொன்று நெருக்கிக் கிழங்கு சிறுத்துவிடும். லேசான உறைபனியில் இது சாகாது. மைனஸ் 5, 6 டிகிரிக்குக் கீழே சில இரவுகள் தொடர்ந்தால்தான் சாகும். குளிர் மிதமான இடங்களில் பிழைத்து, வசந்தத்தில் பூத்து, வேலை வைக்கும். அழுகும்போது கந்தக நாற்றம் பலமாக வரும். வீட்டு ஜன்னலுக்கு அடியில் இருக்கும் பாத்தியில் போடாதீர்கள். செத்த முள்ளங்கி சீக்கிரம் மட்கி, பிடித்து வைத்த தழைச்சத்தை வசந்தத்தின் தொடக்கத்திலேயே விட்டுவிடும். அங்கே உடனே பயிர் வைக்காவிட்டால் அந்தச் சத்து மறுபடி கரைந்துபோகும். அதனால்தான் ஓட்ஸோடு கலந்து போடச் சொல்வது.

ஓட்ஸ் கடும் உறைபனிக்கு 40 முதல் 60 நாள் முன். சதுர மீட்டருக்கு 10 முதல் 15 கிராம், ஆழம் 2 முதல் 3 செ.மீ. 60 நாள் கிடைத்தால் முழங்கால் உயர அடர்ந்த தழை. 40 நாள் என்றால் அதில் பாதிதான், ஆனால் மண்ணை மூடப் போதும். மைனஸ் 8, 9 டிகிரி வாக்கில் செத்து, வைக்கோல் பாய் போலப் படுத்துவிடும். ரொம்பச் சீக்கிரம், ஜூலையில் விதைத்தால் இலையுதிர்காலத்திலேயே கதிர் விட்டுவிடும். தண்டு முற்றிய பிறகு மட்க நாளாகும்.

வெள்ளைக் கடுகும் ஃபசீலியாவும் 6 முதல் 8 வாரம் முன். இரண்டுக்கும் நீண்ட பகல் இருந்தால் பூக்கும் புத்தி வந்துவிடும். கோடையின் நடுவில் விதைத்த கடுகு ஐந்தாறு வாரத்தில் பூத்து, விதை கொட்டி, அடுத்த ஆண்டின் களையாகும். பூ வந்ததும் வெட்டிவிட மனமிருந்தால் மட்டும் சீக்கிரம் விதையுங்கள். ஃபசீலியா விதை வெளிச்சத்தில் சரியாக முளைக்காது, 1 செ.மீ. மண் கட்டாயம் மூடியிருக்க வேண்டும். கடுகும் முள்ளங்கியும் முட்டைக்கோஸ் குடும்பம். வேர்முண்டு நோய் வந்த நிலத்தில் தேதி எவ்வளவு பொருந்தினாலும் இவற்றைப் போடக் கூடாது.

கிரிம்சன் குளோவர் 6 முதல் 8 வாரம் முன். தூவி விதைப்பதானால் 2.5 முதல் 3 கிராம், வரிசையில் என்றால் 1.7 முதல் 2 கிராம். ஆழம் 1 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. குளிர் வருவதற்குள் நான்கைந்து மூவிலைகளாவது விட்டு, நிலத்தோடு ஒட்டிய கொத்தாக நிற்க வேண்டும். தாமதமானால் உறைபனி செடியைக் கொல்வதற்கு முன் மண்ணே அதைக் கொன்றுவிடும்: ஈரமண் உறைந்து வீங்கும்போது ஆழமில்லாத வேரை மேலே தள்ளிவிடும், வெயிலும் காற்றும் பட்டு வேர் காயும். களிமண்ணில் இது அதிகம். ரொம்பச் சீக்கிரம் விதைத்தால் அந்த ஆண்டே பூத்து விதை வைத்துவிட்டு, வசந்தத்தில் மறுபடி தழைக்காது. குளிர் கடுமையான பகுதிகளில் எந்தத் தேதியில் போட்டாலும் இது நிச்சயமில்லை; அங்கே ஹேரி வெட்ச் மேல்.

ஹேரி வெட்ச் கடும் உறைபனிக்கு 30 முதல் 45 நாள் முன். தூவினால் 3 முதல் 3.5 கிராம், வரிசையில் 2 கிராம், ஆழம் 2 முதல் 3 செ.மீ. இலையுதிர்காலத்தில் மேலே ஒன்றும் தெரியாது, 10 செ.மீ. கொடியைப் பார்த்துத் தோற்றுவிட்டது என்று பலர் உழுதுவிடுகிறார்கள். அது அப்போது வேர் விட்டுக்கொண்டிருக்கும், வசந்தத்தில்தான் கிளம்பும். இதன் விதையில் ஒரு பங்கு கடினத்தோல் கொண்டது, ஓராண்டு இரண்டாண்டு கழித்தும் முளைக்கும். அடுத்து தானியக் கோதுமை போடும் நிலத்தில் வெட்ச் வேண்டாம். கோதுமையில் அது களை.

குளிர்காலப் பட்டாணிக்கு 35 முதல் 45 நாள் முன் என்பது பொதுவாகப் பொருந்தும். 8 முதல் 10 கிராம், ஆழம் 4 செ.மீ.; தூவிவிட்டு மூடாமல் விட்டால் பாதி பறவைக்குப் போகும். 15, 20 செ.மீ.க்கு மேல் வளர்ந்த கொடி குளிரில் எளிதில் சாகிறது. கட்டையாக நிற்பதே பிழைக்கிறது. ஆகவே இதைச் சீக்கிரம் விதைப்பதும் தவறு.

ரைதான் எல்லாரையும் காப்பாற்றுவது. மண் 1, 2 டிகிரியில் இருந்தாலும் முளைக்கும். 4 டிகிரிக்கு மேல் வளரும். உறைபனிக்கு 6 வாரம் முன்பிலிருந்து, உறைபனி தொடங்கி 2 வாரம் பின்பு வரைகூட விதைக்கலாம். 10 முதல் 15 கிராம், ஆழம் 2 முதல் 4 செ.மீ. நல்ல தேதி எது என்று கேட்டால், குளிர் பூட்டுவதற்குள் மூன்று நான்கு இலையும் இரண்டு தூரும் கட்டும் அளவுக்கு நேரம் இருக்கும் தேதி. ரை விதை சேமிப்பில் முளைப்புத்திறனைச் சீக்கிரம் இழக்கும். போன ஆண்டு மிஞ்சிய மூட்டையை நம்புவதற்கு முன் ஈரத் துணியில் நூறு விதையைச் சுற்றி ஏழு நாள் பாருங்கள். எண்பதுக்குக் கீழே முளைத்தால் அதற்கேற்ப அளவைக் கூட்டுங்கள்.

குளிர்காலக் கோதுமைக்கும் ட்ரிட்டிகேலுக்கும் ரையைவிட ஒன்றிரண்டு வாரம் முன்னதாகக் கடைசித் தேதி வைத்துக்கொள்ளுங்கள். ஹெஸ்ஸியன் ஈ (கோதுமையைத் தாக்கும் பூச்சி) இருக்கும் பகுதிகளில் கோதுமைக்கு 'ஈ ஓய்ந்த தேதி' என்று வேளாண் துறையினர் அறிவிப்பதுண்டு. அதற்கு முன் விதைத்த கோதுமை ஈக்கு வீடாகும். பக்வீட்டை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அது கோடை மூடுபயிர். முதல் லேசான உறைபனியிலேயே கருகிவிடும்.

கலப்பு விதைப்புக்குத் தேதி தனியாக இல்லை. கலவையில் எது மிகச் சீக்கிரம் விதைக்கப்பட வேண்டியதோ அதன் தேதியே கலவையின் தேதி. ரையும் வெட்ச்சும் சேர்ந்து போடும்போது வெட்ச்சின் தேதியில் 4 முதல் 6 கிராம் ரையும் 2 கிராம் வெட்ச்சும் போதும். சீக்கிரம் விதைக்கிறீர்கள் என்றால் ரையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அது வெட்ச்சை அமுக்கிவிடும். வெட்ச்சின் தேதி தாண்டிவிட்டால் கலவையை மறந்துவிட்டு ரை மட்டும் போடுங்கள். விலை கூடிய விதையை மண்ணில் கொட்டிப் பயனில்லை.

ஒரு கணக்கு

கடும் உறைபனியின் சராசரித் தேதி அக்டோபர் 20 என்று வைத்துக்கொள்வோம். முள்ளங்கிக்கு ஆகஸ்ட் 25. கிரிம்சன் குளோவருக்கு ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை. ஓட்ஸுக்கு ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 10 வரை. ஹேரி வெட்ச்சுக்கு செப்டம்பர் 5 முதல் 20 வரை. ரைக்கு செப்டம்பர் 8 தொடங்கி நவம்பர் 3 வரை இடமிருக்கிறது. அதில் செப்டம்பர் பின்பாதிதான் நல்ல நேரம். இதை ஒரு தாளில் எழுதிவைத்து, எந்தப் பாத்தி எப்போது காலியாகும் என்பதை எதிரே எழுதுங்கள். ஆகஸ்டில் காலியாகும் பூண்டுப் பாத்திக்கு ஓட்ஸும் முள்ளங்கியும். செப்டம்பர் நடுவில் முடியும் பீன்ஸ் பாத்திக்கு ரையும் வெட்ச்சும். அக்டோபரில் முடியும் தக்காளிப் பாத்திக்கு ரை மட்டும்.

பிரதான பயிர் நிற்கும்போதே விதைப்பது

நிலம் காலியாகும் தேதி தாமதம் என்றால், காலியாகும் வரை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நிற்கும் பயிருக்கு இடையில் விதைத்துவிடலாம். முட்டைக்கோஸ், புரோக்கோலி, மிளகாய் போன்றவை நட்டு 4 முதல் 6 வாரம் கழித்து, கடைசிக் களை எடுத்த கையோடு குளோவரைத் தூவலாம். அதற்கு முன் தூவினால் அது பயிரோடு போட்டியிடும். பிரதான பயிர் நிலத்தை முழுக்க மூடிய பின் தூவினால் வெளிச்சமில்லாமல் வெளுத்துச் சாகும். சோயாவில் இலை மஞ்சளாகத் தொடங்கும்போது ரையைத் தூவுவார்கள். உதிரும் இலை விதைக்கு மூடாக்காகும். இலை முழுக்க உதிர்ந்த பின் தூவினால் விதை இலைமேல் தங்கிவிடும், மண்ணைத் தொடாது.

மேலே தூவும் விதைக்கு அளவைப் பாதி கூட்டுங்கள். அதைவிட முக்கியம் மழை. தூவிய ஒரு வாரத்துக்குள் 10, 15 மி.மீ. மழையோ தெளிப்பு நீரோ கிடைக்காவிட்டால் முளைப்பு பாதிக்கும் கீழே போகும். மழை முன்னறிவிப்பைப் பார்த்து, அதற்கு ஒருநாள் முன் தூவுவதற்காகத் தேதியை மூன்று நான்கு நாள் முன்பின் நகர்த்தினால் தவறில்லை; நகர்த்தத் தகுந்த காரணம் இது ஒன்றுதான். பெரிய விதையான பட்டாணி இப்படித் தூவ லாயக்கில்லாதது.

விதைக்கும் நாளில்

ஆகஸ்ட் விதைப்பில் பிரச்சினை குளிர் அல்ல, வறட்சி. புழுதி மண்ணில் குளோவரைப் போட்டுச் சின்னத் தூறல் ஒன்று விழுந்தால் விதை ஊறி முளைவிட்டு, அடுத்த வெயிலில் கருகிவிடும். விதைப்பதற்கு முன் தினம் பாத்தியை 10 செ.மீ. ஆழம் நனையும்படி தண்ணீர் விட்டு, விதைத்த பின் மேல்மண் பத்து நாளைக்குக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வசதி இல்லை என்றால் நல்ல மழைக்குக் காத்திருந்து, தள்ளிப்போன தேதிக்கு ஏற்ப பயிரை மாற்றுங்கள். ஓட்ஸும் ரையும் வறண்ட மண்ணில் மழைக்காகக் கிடந்து முளைக்கும். சிறு விதைகளுக்கு அந்தத் தெம்பு இல்லை.

மண் வெப்பநிலையை 5 செ.மீ. ஆழத்தில், காலை நேரத்தில் அளந்து பாருங்கள். வெட்ச் 15 டிகிரி மண்ணை விரும்பும். 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்ட மண்ணில் அதை விதைப்பது வீண்.

பயறு வகைக்கு அந்தந்த ரைசோபியம் (வேரில் வாழ்ந்து காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) வேண்டும். வெட்ச்சுக்கும் பட்டாணிக்கும் ஒரே வகை பொருந்தும், குளோவருக்கு வேறு. விதையை லேசாக நனைத்து, நிழலில் கலந்து, அன்றே விதைத்துவிடுங்கள். வெயிலில் வைத்த நுண்ணுயிர் அரை நாளில் செத்துவிடும். முந்தைய பயிருக்கு மண்ணில் நீண்ட நாள் தங்கும் களைக்கொல்லி அடித்திருந்தால், அதன் லேபிளில் எத்தனை மாதம் கழித்து எதை விதைக்கலாம் என்று இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு தட்டில் அந்த மண்ணும் இன்னொன்றில் களைக்கொல்லி படாத மண்ணும் எடுத்து, மூன்று வாரம் முன்பே அதே விதையைப் போட்டு ஒப்பிடுங்கள். வெளுத்தோ குறுகியோ முளைத்தால் அந்த நிலத்துக்கு அந்தப் பயிர் இல்லை.

விதைத்த பின் ரேக்கால் இழுத்து மூடி, பலகையாலோ உருளையாலோ ஒருமுறை அழுத்துங்கள். விதைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இருந்தால் முளைப்பு திட்டுத் திட்டாக வரும். பத்து நாளில் போய்ப் பாருங்கள். திட்டு தெரிந்தால் அப்போதே ரை தூவி நிரப்பிவிடலாம். மூன்று வாரம் கழித்துப் பார்ப்பதில் பயனில்லை. ஈரமான இலையுதிர்காலத்தில் முளை காணாமல் போனால் நத்தைகளையும் சந்தேகியுங்கள். ஒரு பலகையை இரவு மண்மேல் போட்டுக் காலையில் புரட்டினால் தெரிந்துவிடும்.

முந்திவிட்டால்

தாமதத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். முந்துவதற்கும் தண்டனை உண்டு. ஆகஸ்டில் விதைத்த ரையும் கோதுமையும் அசுவினி பறந்து திரியும் காலத்தில் இளம் பயிராக நிற்கும். மஞ்சள் குட்டை வைரஸை அசுவினி கொண்டுவந்து ஏற்றும். கொழுத்த தழை பனிக்கு அடியில் நெருங்கிக் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் தழை மைனஸ் 15 டிகிரியைத் தாங்குவதும் குறைவு. இப்படி முந்திவிட்ட தானியத்தை அக்டோபரில் 10 செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஒட்ட வெட்டாதீர்கள், குளிரைத் தாங்கும் சேமிப்பு அடித்தண்டில்தான் இருக்கிறது.

தேதி தாண்டிவிட்டால்

ரையின் நல்ல தேதியும் போய்விட்டது என்றால் விதை அளவைக் கால் பங்கிலிருந்து பாதி வரை கூட்டுங்கள். தூர் கட்ட நேரமில்லாததால் ஒவ்வொரு விதையும் ஒரே தண்டாக நிற்கும், அந்தக் குறையை எண்ணிக்கையால் ஈடு செய்கிறீர்கள். தூவாமல் வரிசையில் விதையுங்கள். நவம்பரில் போட்ட ரை குளிர்கால அரிப்பை அதிகம் தடுக்காது, நைட்ரேட்டையும் பெரிதாகப் பிடிக்காது. வசந்தத் தழைக்காக மட்டும் அதை எண்ணிக்கொள்ளுங்கள். ஏப்ரலிலேயே நிலம் வேண்டும் என்றால் அதுவும் வீண் செலவு. அந்தப் பாத்திக்கு 10 செ.மீ. கனத்தில் உதிர்ந்த இலையோ வைக்கோலோ போட்டு மூடிவிடுவது மலிவு.

இன்னொரு வழி குளிர்காலத்தின் கடைசியில் இருக்கிறது. வசந்த வளர்ச்சி தொடங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், விடிகாலையில் உறைந்த மண்மேல் சிவப்புக் குளோவரைச் சதுர மீட்டருக்கு 1 முதல் 1.2 கிராம் தூவலாம். மண் வெடித்து மூடும் அசைவே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிற்கும் குளிர்காலக் கோதுமைக்குள் இதைச் செய்வது வழக்கம். பனி கனமாக இருக்கும்போது தூவினால் உருகும் தண்ணீரோடு விதை ஓடிப் பள்ளத்தில் சேரும்.

முடித்து வைக்கும் தேதி

குளிரைத் தாண்டி வரும் பயிரை விதைக்கும்போதே அதை எப்போது முடிப்பது என்பதையும் குறித்துவிடுங்கள். ரை வாரத்துக்கு வாரம் மாறும் பயிர். இளம் தழையாக, 20, 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்போது அதன் கரிமம்-தழைச்சத்து விகிதம் 26க்கு 1 என்ற அளவில் இருக்கும். பூக்கும்போது 37க்கு 1 ஆகும். முற்றிய வைக்கோலில் 82க்கு 1. விகிதம் கூடக்கூட மண் நுண்ணுயிர்கள் அதை மட்க வைப்பதற்காக மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். நட்ட பயிர் மஞ்சளடிக்கும். வெட்ச்சின் விகிதம் 11க்கு 1. அதில் இந்தத் தொல்லை இல்லை.

மடக்கி உழுவதானால் நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன் முடியுங்கள். பச்சைத் தழையைப் புதைத்த கையோடு விதைத்தால் விதை ஈயின் புழு வந்து முளையைத் தின்னும். ரையிலிருந்து கசியும் பொருட்கள் கேரட், கீரை போன்ற சிறு விதைகளின் முளைப்பைத் தடுக்கும். நாற்றாக நடுவதற்கு அந்தத் தடை பெரிதாக இல்லை. உழாமல் மடித்துப் படுக்கவைத்து மூடாக்காக்க நினைத்தால் ரை மகரந்தம் உதிர்க்கும் வரை பொறுக்க வேண்டும். அதற்கு முன் மடக்கினால் எழுந்து நின்றுவிடும். வெட்ச்சில் முதல் காய்கள் பிடிக்கும் தருணம் அதற்குச் சரி. அதையும் தாண்டினால் விதை கொட்டும்.

வசந்தம் வறண்டிருந்தால் இந்தத் தேதிகளை இரண்டு வாரம் முன்னுக்கு இழுங்கள். முழு உயரத்தில் நிற்கும் ரை மண்ணின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், பின்னால் வரும் நாற்றுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. ஈரம் மிகுந்த வசந்தத்தில் அதே உறிஞ்சல் உதவி: ஒரு பிடி மண்ணை அழுத்தி, விரலால் தட்டினால் உருண்டை உதிர்கிற பதம் வரும்வரை ரையை நிற்கவிட்டு, அதன் பிறகு மண்ணைத் தொடுங்கள்.